பைசெக்ட் ஓடட்டும், நீங்கள் எழும்பி நடங்கள்

புரோகிராமருக்கு முதுகு நோவதற்கும் கோடில் பிழை அகப்படாமல் இழுபடுவதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பிழை தேடத் தொடங்கினால் கதிரையை விட்டு எழும்புவதில்லை. இந்தா பிடித்துவிடலாம், இந்தா பிடித்துவிடலாம் என்றே மூன்று மணித்தியாலம் போய்விடும். தேடுகிற வேலையை மெஷினிடம் கொடுத்துவிடுங்கள்.

'போன மாதம் வேலை செய்தது, இப்போது செய்யவில்லை' என்கிற பிழைகளுக்கு கிட் பைசெக்ட்தான் முதல் மருந்து. கிட் (Git) என்பது கோடில் செய்கிற மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேமித்து வைக்கும் மென்பொருள்; பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடித் தருகிற அதன் கட்டளைதான் பைசெக்ட். கிட் பைசெக்ட் ஸ்டார்ட் என்று தொடங்கி, இப்போதுள்ள கொமிட்டை (அப்படிச் சேமித்த மாற்றத்தை) பேட் என்றும், ஒழுங்காக ஓடியதென்று தெரிந்த பழைய கொமிட்டை குட் என்றும் குறியுங்கள். நடுவிலுள்ள கொமிட்டை அது எடுத்துத் தரும். ஓட்டிப் பார்த்து அதையும் குட் அல்லது பேட் என்று குறித்தால் அடுத்ததைத் தரும். ஒவ்வொரு படியிலும் தேட வேண்டியது பாதியாகக் குறைவதால், 1000 கொமிட் இருந்தாலும் கிட்டத்தட்ட 10 படியில் காரியம் முடியும். அதையும் கையால் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிழையைச் சோதிக்கிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி கிட் பைசெக்ட் ரன் உடன் கொடுங்கள். சரியென்றால் ஸ்கிரிப்ட் முடியும்போது கொடுக்கிற எண் (எக்ஸிட் கோட்) 0, பிழையென்றால் 1.

சறுக்குவது இங்கேதான். பில்ட் ஆகாத (ஓடக்கூடிய புரோகிராமாகத் தொகுக்க முடியாத) பழைய கொமிட்டிலும் ஸ்கிரிப்ட் 1 கொடுத்தால், அதையும் பிழையென்று எடுத்துத் தேடல் தவறான பக்கம் போய்விடும். பில்ட் தோற்றால் 125 கொடுக்கச் செய்யுங்கள், அந்தக் கொமிட்டைத் தாண்டிப் போகும். ஸ்கிரிப்ட்டை ரெப்போவுக்கு (கிட் பார்த்துக்கொள்ளும் கோடின் கோப்புறைக்கு) வெளியே வையுங்கள். உள்ளே கொமிட் செய்து வைத்திருந்தால் பழைய கொமிட்டுக்குப் போனதும் அது காணாமல் போகும். இடைக்கிடை மட்டும் தலைகாட்டுகிற பிழையா? ஒரே படியில் டெஸ்ட்டை 10 தடவை ஓட்டி, ஒன்று தோற்றாலும் 1 கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத கொமிட் மாட்டிக்கொள்ளும். முடிந்ததும் கிட் பைசெக்ட் ரீசெட் கொடுத்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்புங்கள். அகப்பட்ட கொமிட் 40 கோப்புகளை மாற்றியதாக இருந்தால் பட்டபாடெல்லாம் பாதி வீண். சின்னச் சின்னதாகக் கொமிட் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

படிக்கு 2 நிமிடம் என்றால் 20 நிமிடம் கையில் கிடைக்கும். போனை எடுக்காதீர்கள். எங்கள் திருகோணமலை டவுனில் இருப்பவர்கள் டச்பே கடற்கரைப் பக்கமும், உப்புவெளியில் இருப்பவர்கள் அங்கேயே கடற்கரைக்கும் ஒரு நடை போய் வரலாம். மத்தியான வெயிலென்றால் விறாந்தையே போதும். கிட்டப் பார்த்தே இறுகிய கண் தசை தூரப் பார்த்தால்தான் தளரும். உட்கார்ந்திருக்கும்போதும் 20 நிமிடத்துக்கு ஒருதரம், 20 அடிக்கு அப்பால், 20 செக்கன் பாருங்கள்.

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடும். இங்கே வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வேறு. அந்த நாட்களில் ஃபேனை முகத்துக்கு நேரே வைத்தால் பின்னேரத்துக்குள் கண் மணல் விழுந்ததுபோல் கரகரக்கும். ஃபேனைக் கால்மாட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

விரல் விறைத்தால் எந்த விரல் என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால், கதிரைக் கையிலோ மேசை விளிம்பிலோ முழங்கையை ஊன்றி அங்குள்ள நரம்பை நசுக்குகிறீர்களா என்று பாருங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது இரவில் கூடும். சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்து பிளாஸ்டிக் கதிரையில் வேலை செய்பவர்களுக்கு இரண்டுமே வரும். மேசை ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரம், கதிரையோ தாழ்வு. மணிக்கட்டு மேல்நோக்கி மடியும், கழுத்து கீழ்நோக்கி வளையும். லப்டொப்பின் கீழே தடித்த புத்தகங்களை அடுக்கித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, கீபோட்டையும் மவுஸையும் தனியாக வாங்குங்கள். முழங்கை கீபோட் மட்டத்துக்கு வரும்வரை கதிரையில் குஷன் போடுங்கள். கால் தொங்கினால் கீழே ஒரு பலகைக் கட்டை. அப்படியும் விறைப்பு இரண்டு கிழமைக்கு மேல் நின்றாலோ, பிடித்த பொருள் கைநழுவினாலோ வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

வெளிநாட்டு வேலை செய்பவர்களுக்கு நித்திரைதான் பெரிய பிரச்சினை. நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் எங்களுக்கு மாலை 6.30, அவர்களின் குளிர்காலத்தில் 7.30. மீற்றிங்குக்கு முன் குடிக்கிற பிளேன்டீயின் கஃபீனில் பாதி, சுமார் 5 மணித்தியாலம் கழித்தும் உடம்பில் இருக்கும். கடைசித் தேநீரைப் பின்னேரம் 4 மணியோடு நிறுத்துங்கள். முடியாத பிழையை இழுத்துப்பிடித்து ராவெல்லாம் இருக்காமல், அதைக் காட்டுகிற தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதி வையுங்கள். சந்தேகப்படும் ஃபங்ஷனின் பெயரையும் காலையில் முதலில் ஓட்ட வேண்டிய கட்டளையையும் அதன் மேலே கொமென்ட்டாகப் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள்.