மேசன் இல்லாத ஊரில் வீடு கட்டுவது

இலங்கையின் கிழக்குக் கரையில், களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட ஊர்களில் சிறிய கட்டட ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்து வருகிறேன். அதிகமும் வீடுகள், அவற்றிலும் அதிகம் சீதன வீடுகள். எங்கள் கரையோரத்தில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே திருமணம் செய்து வைக்கிறார்கள். இங்கிருந்து ஆட்கள் ஏன் வெளிநாடு போகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த வழக்கத்தில் இருக்கிறது. மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடுகள். வயலிலும் களப்பிலும் கிடைக்கும் வருமானத்தில் ஒன்றைக் கட்டி முடிப்பதே பெரும்பாடு. ஆகவே தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போகிறார். மூத்த மகன் கட்டாருக்குப் போகிறான்.

அந்த மூத்த மகன் பல வீடுகளில் ஒரு மேசன். வீட்டுக்குக் காசு அனுப்புகிறவனும் வீடு கட்டத் தெரிந்தவனும் ஒரே ஆள் என்பதால், அவன் போனதும் ஊருக்குக் காசு வருகிறது, கட்டுவதற்குக் கை குறைகிறது. மிஞ்சியிருக்கும் சில மேசன்களைப் பிடிக்க எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். கூலி ஏறாமல் என்ன செய்யும்? ஏறிய கூலியால் ஊரில் நின்ற மேசனின் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், படிக்கிறார்கள். அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் வெளிநாட்டில் எவரும் இல்லாத குடும்பத்துக்கும் அதே கூலிதான். களப்பில் வலை வீசிப் பிழைப்பவர் தன் மகளுக்கு இரண்டு அறைகள் கட்ட வரும்போது, கட்டார்ச் சம்பளத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. என்னிடம் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனவர்களில் அதிகமானோர் அப்படிப்பட்டவர்கள்.

இந்த மேசன்மார் இத்தனை பேர் எப்படி உருவானார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்தை அழித்த பிறகு, ஊர் ஊராக வீட்டுத் திட்டங்கள் வந்தன. வலையும் தோணியும் இழந்த பெடியன்கள் பலர் அந்த வேலைத்தளங்களில் சாந்து குழைக்கத் தொடங்கி, சாந்தகப்பையைப் பிடித்துப் பழகி, மேசன் ஆனார்கள். திட்டங்கள் முடிந்ததும் வேலை சுருங்கியது. 2010 டிசம்பரில் கட்டாருக்கு 2022ஆம் ஆண்டின் உலகக் கிண்ணக் கால்பந்துப் போட்டி கொடுக்கப்பட்டது. அங்கே அரங்குகளும் வீதிகளும் கட்ட ஆள் தேவைப்பட்டது. இங்கே வேலை தெரிந்தவர்கள் சும்மா இருந்தார்கள். போனார்கள்.

“இந்தக் காலத்துப் பெடியன்கள் சோம்பேறிகள், இங்கே வேலை இருக்க அங்கே போகிறார்கள்” என்று வீட்டுக்காரர்கள் என்னிடம் சொல்வதுண்டு. இது அநியாயமான பேச்சு. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் அவற்றுக்காக 500, 300 ரியால் வேறாகக் கொடுக்க வேண்டும். டொலர் 200 ரூபாவாக இருந்த அந்த நாளில் 1,000 ரியால் ஏறத்தாழ 55,000 ரூபா. நான் அப்போது நல்ல மேசனுக்குக் கொடுத்தது நாளுக்கு 2,500. இருபத்திரண்டு நாள் வேலை செய்தால் அதே தொகை வருகிறது. பிறகு ஏன் போனார்கள்? இருபத்திரண்டு நாள் வேலை எல்லா மாதமும் கிடைக்காது என்பதால்தான். மாரி தொடங்கினால் மார்கழி முடியும் வரை அத்திவாரக் கிடங்குகளில் தண்ணீர் நிற்கும். வீட்டுக்காரருக்குக் காசு வரப் பிந்தினால் வேலை நிற்கும். மணல் வராவிட்டாலும் நிற்கும். அந்த நாட்களின் நட்டம் முழுவதும் மேசன் தலையில். கூலியின் அளவைவிட அது தவறாமல் வருமா என்பதே ஒருவனை விமானம் ஏற்றுகிறது என்பது நான் கண்ட உண்மை.

2022இல் அந்தக் கணக்கும் தலைகீழானது. சில வாரங்களில் டொலர் 360 ரூபாவைத் தாண்டியபோது அதே 1,000 ரியால் ஒரு இலட்சத்தை நெருங்கியது. ஆயிரம் ரூபாவைச் சுற்றி நின்ற ஐம்பது கிலோ சீமெந்து மூவாயிரத்தை நெருங்கியது. வெளிநாட்டிலிருந்து வங்கிகள் ஊடாக நாட்டுக்கு வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன். வங்கி விகிதம் வெளிச்சந்தையைவிடக் குறைவாகக் கட்டிவைக்கப்பட்டிருந்த மாதங்களில் பலர் உண்டியலுக்கு, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் வழிக்கு, மாறியிருந்தார்கள். எனக்குக் காசு தருகிறவர்களிடம் காசு இருந்தது; அதற்குக் கல்லும் கம்பியும்தான் கிடைக்கவில்லை. சுவர் எழும்பிய வீடுகள் கூரையில்லாமல் நின்றன. வேலை இழந்த மேசன்மார் அந்த ஆண்டு வெளிநாட்டு வேலைக்குப் போன மூன்று இலட்சத்துக்கும் அதிகமானவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மீண்டும் கட்டத் தொடங்கியபோது ஆள் இல்லை.

கூலி ஏறியதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. முன்பு ஒரு பெடியன் மூத்த மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுத்து, நூல் பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் ஆண்டுக்கணக்கில் பழகுவான். இப்போது பழக்குகிற வயதுள்ளவர்கள் கடல் கடந்துவிட்டார்கள். சில மாதம் கையாளாக நின்றவன் மேசன் கூலி கேட்கிறான். வேறு ஆள் இல்லாததால் கொடுக்கிறார்கள். மூலைமட்டம் பிசகிய சுவர்களை இப்போது நிறையவே காண்கிறேன். வெளிநாட்டில் ஒரு தாய் அடுத்தவர் வீட்டைத் துடைத்துச் சேர்த்த காசு அந்தச் சுவரில் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குப் பொறுக்காது.

திரும்பி வருகிறவர்கள் ஆறுதல் தருகிறார்கள். வரைபடம் வாசிக்கத் தெரிகிறது; கம்பி கட்டுவதில் சுத்தம். எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் மேலதிகச் சம்பளமும், சாரத்தில் ஏற இடுப்புப் பட்டியும் கேட்கிறார்கள். கேட்பது சரி, இங்கே நாங்கள் முன்பே கொடுத்திருக்க வேண்டியவை.

போக நினைக்கிறவர்களைத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறேன். பயிற்சி நெறிக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றிப் பெறும் வழி இருக்கிறது. அந்தக் கடதாசி இல்லாததால் பதினைந்து வருட மேசன் ஒருவன் சாதாரணக் கூலியாளாகப் பதிவாகிப் போனதைப் பார்த்தேன். அவனை அனுப்பிய முகவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சான்றிதழ் எடுத்தால் என் ஆட்கள் இன்னும் சுலபமாகப் போய்விடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். போகட்டும். தொழில் தெரிந்தவன் தொழிலுக்குரிய சம்பளத்தில் போக வேண்டும்.

நிற்கிறவர்களுக்காக வேலை ஒழுங்கை மாற்றியிருக்கிறேன். அத்திவாரமும் கூரையும் ஐப்பசிக்கு முன் முடிகிற வீடுகளைத்தான் இப்போது ஆடிக்கு முன்பே பொறுப்பேற்கிறேன். மழை நாட்களில் உட்பூச்சு, தளம், மாபிள் வேலை. அப்படியும் வேலை இல்லாத நாளுக்கு அரைச் சம்பளம். அந்தச் செலவை ஒப்பந்த விலையிலேயே சேர்த்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு ஒப்பந்தகாரரிடம் போகிறார்கள். கடந்த மாரியில் என் மேசன்மாரில் ஒருவரும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கவில்லை.