பென்ஸா பிஎம்டபிள்யூவா, மாமாவுக்கு வண்டி பாத்த கதை

எம்பது லட்ச ரூவா செடான் பத்தி யூடியூப்ல வர்ற ரிவ்யூ எல்லாம் ஸ்டியரிங் புடிச்சவன் பேசறதுதானுங்க. நூறு கிலோமீட்டர் வேகம் எத்தன செகண்டுல போகுது, வளைவுல எப்புடி நிக்குது, ஸ்போர்ட் மோடுல சத்தம் எப்புடி வருதுன்னு ஒரே இதுதான். ஆனா நம்ம திருப்பூரு கோயமுத்தூருப் பக்கம் இந்த வண்டி வாங்கறவங்கள்ல பாதிப் பேரு ஸ்டியரிங்கையே தொடறதில்ல, பின் சீட்டுல இடது பக்கமா உக்காந்து போன்ல நூல் வெலை பேசிட்டே போறவங்க. அதனால எங்க மாமா (அம்மாவோட தம்பி, திருப்பூர்ல பனியன் கம்பெனி, காங்கயம் பக்கம் தோட்டம்) "மாப்ள, நல்ல வண்டியாப் பாத்துச் சொல்லு"ன்னு கேட்டப்ப நான் மொதல்ல கேட்டதே "மாமா, நீங்க எங்க உக்காரப் போறீங்க?"ன்னுதான்.

"பின்னாடிதான், ஆனா ஞாயித்துக்கெழம பையன் ஓட்டுவானல்லோ"ன்னாரு. மொத்தப் பஞ்சாயத்தும் இந்த ஒத்தை வரியிலதான் இருந்துச்சு.

உண்மையான போட்டின்னு பாத்தா ரெண்டே வண்டிதான். 2024 ஜூலையில பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் நீட்டு வண்டியா வந்துச்சு, 530 எல்ஐ, வந்தப்ப பெட்ரோல் மட்டும்தான், 258 எச்பி, ஷோரூம் வெலை 72.9 லட்சம். அதே வருசம் அக்டோபர்ல புது பென்ஸ் இ கிளாஸ் வந்துச்சு, இ 200 பெட்ரோல் 78.5 லட்சம், இ 220டி டீசல் 81.5, ஆறு சிலிண்டர் இ 450 92.5ன்னு வெலை வச்சாங்க. பென்ஸ்காரன் 2017லயே நீட்டு இ கிளாஸ நம்ம நாட்டுக்குக் கொண்டாந்துட்டான், அப்ப 5 சீரிஸ் சாதா நீளத்துலதான் வந்துட்டு இருந்துச்சு, அதனாலதான் "ஓட்டறதுக்கு பிஎம்டபிள்யூ, உக்கார்றதுக்கு பென்ஸ்"னு ஒரு பேச்சு நம்மூர்ல ஒட்டிக்கிச்சு. இப்ப ரெண்டுமே நீட்டு வண்டி, சொல்லப்போனா வீல்பேஸ்ல (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல இருக்கற தூரம்) பிஎம்டபிள்யூதான் எச்சு, 3105 எம்எம், பென்ஸ் 3094. வெறும் 11 எம்எம் வித்தியாசத்துக்கு மச்சான் (மாமாவோட பையன்) ஒரு வாரம் வாட்சப்ல சண்டை போட்டான், அதுக்கு மேல "பிஎம்டபிள்யூ நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா சிட்டில அசெம்பிள் பண்றதுப்பா, பென்ஸ் புனேக்காரன் வண்டி"ன்னு ஊர்ப்பாசம் வேற.

ஆனா டேப் வச்சு அளக்கறது வேற, உக்காந்து பாக்கறது வேறயுங்க. அத்தையக் கூட்டீட்டுப் போனதுதான் நாங்க பண்ணுனதுலயே உருப்படியான காரியம். அவுங்களுக்கு முட்டி ஆபரேசன் ஆயிருக்கு, இத்தன நாளும் இன்னோவாதான், அதுல சீட்டு இடுப்பு ஒசரத்துக்கு இருக்கும், அப்புடியே சாஞ்சா உக்காந்தாச்சு. செடான்ல அப்புடி இல்ல, கீழ எறங்கி உக்காரோணும். அத்தை கதவுகிட்ட போயி திரும்பி நின்னு, மொதல்ல சீட்டுல உக்காந்து, ஒரு கையில கொசுவத்தப் புடிச்சுட்டு ஒவ்வொரு காலா உள்ள இழுத்தாங்க. உள்ள போறது கூடப் பரவால்ல, எறங்கறதுதான் வேலை, முன் சீட்டு முதுகப் புடிக்கறதா, கதவப் புடிக்கறதான்னு தடவிப் பாத்தாங்க. ஷோரூம் பையன் ஓடி வந்து கை குடுத்தான், "வேண்டாஞ்சாமி, நீ தெனமும் கூடவே வருவியா?"ன்னு கேட்டுட்டு தானே எந்திரிச்சாங்க. கோடி ரூவாக்கிட்ட வண்டி பாக்கறவங்க, வீட்டுல வயசானவங்க இருந்தா அவுங்கள ஏத்தி எறக்கிப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க, டெஸ்ட் டிரைவ்ங்கறது ஓட்டறது மட்டும்தான்னு ஆரு சொன்னா?

ஏறி எறங்கறதுல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ஏறுனதுக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது. பிஎம்டபிள்யூல பின்னாடி கால் நீட்ட அத்தன எடம், ஆனா முதுகு சாய்மானம் அப்புடியேதான் இருக்கும், சாய்க்க முடியாது. பென்ஸ்ல பட்டன அமுக்குனா சீட்டு 36 டிகிரி வரைக்கும் சாயுது, தொடைக்கு அடியில இருக்கற மெத்தையும் 40 எம்எம் முன்னால நீளுது. அத்தை அதுல சாஞ்சு ஒரு நிமிசம் கண்ண மூடுனாங்க பாருங்க, மாமா அதோட பிஎம்டபிள்யூ பக்கம் திரும்பறதையே நிறுத்தீட்டாரு.

மச்சான் விடுவானா. நீலாம்பூர்ல இருந்து எல் அண்ட் டி பைபாஸ்ல ரெண்டையும் ஓட்டிப் பாத்தோம். இதுல நான் மச்சான் கட்சிதானுங்க. பிஎம்டபிள்யூ 5165 எம்எம் நீளமுள்ள வண்டி, ஸ்டியரிங்கத் தொட்டதும் ஏதோ சின்ன வண்டி மாதிரி திரும்புது, லாரிய ஓவர்டேக் பண்ண மிதிச்சா யோசிக்கறதே இல்ல. இ 220டி 197 எச்பிதான், ஆனா 440 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கற பலம்) இருக்கறதால மிதிக்க வேண்டிய அவசியமே வராம போயிட்டே இருக்கும், அவசரமே இல்லாத வண்டி அது. சொந்தமா ஓட்டறவரா இருந்தா நான் கண்ண மூடிட்டு 530தான் சொல்லியிருப்பேன், வெலையும் கம்மி. ஆனா கேட்டது மாமா.

ஆடி ஏ6 பத்தி ஒரு வரி. வந்தப்ப 245 எச்பி, உள்ள வேலைப்பாடு இன்னைக்கும் சுத்தமா இருக்கு, ஆனா இங்க 2019ல வந்த மாடலு, வீல்பேஸ் 2924, அந்த ரெண்டு நீட்டு வண்டில உக்காந்துட்டு இதுல உக்காந்தா முட்டி முன்னால வந்துருது. அவ்வளவுதான்.

சரி இப்ப தோட்டத்து விசயத்துக்கு வர்றேன், இதத்தான் எந்த ரிவ்யூவும் சொல்ல மாட்டாங்க. தார் ரோட்டுல இருந்து தோட்டத்துச் சாலைக்கு (அங்க இருக்கற வீட்டுக்கு) போகோணும்னா இட்டேரி வழியாத்தான் போகோணும், ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, டிராக்டர் போயி போயி ரெண்டு பக்கம் பள்ளமாகி நடுவுல மேடு நிக்குது, அது மேல புல்லு. நீட்டு வண்டில என்ன சங்கடம்னா முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல தூரம் எச்சா இருக்கறதால வயித்துப் பக்கம் தட்டும், பின்னாடி மூணு பேரு உக்காந்து டிக்கில தேங்கா மூட்டையும் போட்டா இன்னும் எறங்கும். ஊருக்குள்ள போடற ஸ்பீடு பிரேக்கருக்கும் இதே கதைதான், சிலது பாத்தீங்கன்னா ஸ்பீடு பிரேக்கரா திண்ணையான்னு தெரியாது. நானும் டிரைவர் அண்ணனும் ஒரு மூங்கில ரெண்டு பள்ளத்துக்கும் குறுக்க போட்டு நடு மேடு எங்க முட்டுதுன்னு எடத்துக்கு எடம் பாத்து, முட்டற எடத்துல எல்லாம் சுண்ணாம்பு வச்சுட்டு வந்தோம். மாமா வந்து பாத்துட்டு "இத்தன காசு போட்டு வண்டி வாங்கறோம், நாலு லோடு கிராவலு கொட்ட மாட்டமா?"ன்னு முடிச்சுட்டாரு. இட்டேரிய வண்டிக்குத் தகுந்த மாதிரி மாத்தறதுதான் அவரு வழி. அக்கட்டால தோட்டத்துக்காரருக்கும் சந்தோசம், அவரு வண்டிக்கும் சேத்து ரோடு ஆச்சு.

காசு விசயம். ஷோரூம் வெலையப் பாத்துட்டு கணக்குப் போடறவங்க கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வாங்க. 2023 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல இருவது லட்சத்துக்கு மேல போற காருக்கு லைஃப் டாக்ஸ் 20 சதவீதம். 81.5 லட்சத்துக்கு அதுவே 16.3 லட்சம், டாக்ஸ் காசுலயே ஒரு கிரெட்டா வந்துரும். அதுக்கு மேல ஒரு சதவீதம் டிசிஎஸ் (விக்கறவரே நம்மகிட்ட புடிச்சுக் கட்டற வருமான வரி), இது ரிட்டர்ன் போடறப்ப கழிச்சுக்கலாம். அப்பறம் இன்சூரன்ஸ். கம்பெனி பேர்ல எடுத்தா ஜிஎஸ்டி திரும்ப வரும்னு ஒரு சிலரு நெனச்சுட்டு இருக்காங்க, கம்பெனிக்காரங்க போக வர வாங்கற காருக்கு இன்புட் கிரெடிட் கெடையாது, வருசம் 15 சதவீதம் தேய்மானம் காட்டிக்கலாம், ஆடிட்டர்கிட்ட கேட்டாச்சு. ஒறம்பரை ஒருத்தரு "பாண்டிச்சேரி அட்ரஸ்ல எடுத்துக்க, டாக்ஸ் கம்மி"ன்னு ரோசனை சொன்னாரு, மாமா சிரிச்சுட்டு காப்பி குடிக்கச் சொல்லீட்டாரு.

நடுவுல ஒரு தடவை வண்டிப் பேச்சே நின்னு போச்சு. 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்காக்காரன் வரிய 50 சதவீதமாக்குனான், திருப்பூர்ல அது என்ன பண்ணுச்சுன்னு ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மாமாவுக்கு அங்க போற சரக்கு கொஞ்சந்தான், பாதி ஐரோப்பா, மீதி உள்ளூரு, இருந்தாலும் "பக்கத்துக் கம்பெனியில எல்லாம் ஆர்டர் நிக்கறப்ப மொதலாளி புது பென்ஸ்ல வந்து எறங்குனா டைலருங்க என்ன நெனப்பாங்க மாப்ள"ன்னு ஃபைல மூடீட்டாரு. கூத்து என்னன்னா அடுத்த மாசமே செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி மாறுச்சு, இந்த மாதிரி பெரிய செடானுக்கு 28ம் செஸ் 20மா 48 இருந்தது மொத்தமா 40 ஆச்சு. அதாவது மேல நான் சொன்ன வெலை எல்லாம் வண்டி வந்தப்ப இருந்தது, இப்பத்த வெலைய ஷோரூம்லயே கேட்டுக்குங்க. வாங்கலாம்ங்கற நேரத்துல வெலை ஏறி, வேண்டாம்ங்கற நேரத்துல எறங்குது, பஞ்சு வெலை மாதிரியே.

அப்பவும் நான் ஒண்ணு சொல்லிப் பாத்தேன். டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், 2024 டிசம்பர்ல 48 லட்சத்துக்கு வந்துச்சு, கம்பெனி கணக்குல லிட்டருக்கு 25 கிலோமீட்டருக்கு மேல, பெங்களூரு பக்கம் பிடதில செய்யறாங்க, பின் சீட்டும் சாயும், மிச்சக் காசுல ரெண்டு புது மெசினு போடலாம். மாமா ரொம்பப் பொறுமையாக் கேட்டுட்டு "நல்ல வண்டிதான்"ன்னாரு. அந்தத் "தான்"லயே பதில் வந்துருச்சு.

டீசலுக்குப் போறவங்க ஒண்ணு கவனிக்கோணும். பிஎஸ் 6 டீசல் வண்டில புகைக்கரியப் புடிக்கற ஃபில்டர் இருக்கு, வீட்டுல இருந்து கம்பெனி, கம்பெனில இருந்து பேங்குன்னு ஊருக்குள்ளயே உருட்டுனா அது அடச்சுக்கும், ஹைவேல நல்லா சூடேறி ஓடுனாத்தான் கரி எரியும். ஆட்புளூவும் (புகையச் சுத்தம் பண்றதுக்கு ஊத்தற தண்ணி மாதிரி திரவம்) அப்பப்ப ஊத்தோணும். மாமா கொச்சின், சென்னைன்னு அடிக்கடி போறதால பிரச்சனை இல்ல, இல்லாட்டி இ 200ஏ போதும்னு சொல்லியிருப்பேன்.

ஷோரூம் மரியாத பத்திக் கேப்பீங்க. வெள்ளை வேட்டிய மட்டமாப் பாக்கறதெல்லாம் வேற ஊருக் கதை, கோயமுத்தூர்ல வேட்டி கட்டி வந்தா மேனேஜரே எந்திரிச்சு வர்றாரு. டீசர்ட் போட்டுட்டுப் போன என்னையத்தான் ஒரு எடத்துல "சார், நீங்க வெயிட் பண்ணுங்க"ன்னு மூலையில உக்கார வச்சாங்க. டிரைவர் அண்ணன் மட்டும் அன்னைக்கு சரியான கேள்வி கேட்டாரு, "ஸ்டெப்னி எங்கீங்க இருக்குது, டயரு ஒண்ணு என்ன வெலைங்க?"ன்னு. ஏசிக்குக் கூட ரெண்டு வண்டிலயும் ஸ்க்ரீனத் தடவோணும்ங்கறது அவருக்குப் பெரிய கொறை, "ரோட்டப் பாக்கறதா டிவிய பாக்கறதா"ன்னு இன்னும் சொல்லீட்டு இருக்காரு.

கடைசில கார்த்திகையில இ 220டிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. மச்சானுக்கு ஞாயித்துக்கெழம சாவி, அது எழுதாத ஒப்பந்தம். கலர்ல மச்சான் கருப்புன்னான், "தோட்டத்துப் புழுதிக்குக் கருப்பு ஒரு பொழுது தாங்குமா?"ன்னு அத்தை கேட்டதும் வெள்ளையாச்சு. ஷோரூம்காரங்களுக்கு வருசக் கடைசி டார்கெட்டு, டிசம்பர்லயே எடுத்துக்கங்கன்னு நச்சரிக்கறாங்க, ஆனா மார்கழில வண்டி எடுக்கறதாவது, தை பொறக்கட்டும்னு மாமா சொல்லீட்டாரு. தைல எடுத்தாலும் ஆர்சில தயாரிச்ச வருசம் 2025ன்னு இருந்தா நாளைக்கு விக்கறப்ப ஒரு வருசம் பழசாக் கணக்கு பண்ணுவாங்க, அதனால ஒண்ணு ஜனவரில செஞ்ச வண்டி குடுங்க, இல்லாட்டி வெலையக் கொறைங்கன்னு கேட்டிருக்கேன். மேனேஜர்கிட்டக் கேட்டுட்டுக் கூப்புடறேன்னு போன பையன் இன்னும் கூப்புடல.