நிலாவெளிக் காணியும் கிழிந்த பதிவேடும்

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் காணி வாங்கப் போய், வாங்காமல் வந்துவிட்டேன். இப்போதுதான் நிம்மதியாக மூச்சு வருகிறது.

காணி பார்த்தது, விலை பேசியது எல்லாம் சுமுகம். காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, கையில் வாங்கியபோதுதான் அது ஆட்சியுறுதி என்று தெரிந்தது. "10 வருசத்துக்கு மேல ஆண்ட காணி தம்பி, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் தரகர். ஆட்சியுறுதி என்பது காணியில் இருப்பவர் 'நான் ஆண்டு வருகிறேன்' என்று நொத்தாரிசு முன் தானே எழுதிக்கொடுப்பது. நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. அரச காணியென்றால் எத்தனை வருடம் ஆண்டாலும் உரிமை வராது.

சரி, காணி யார் பெயரில் இருக்கிறது என்று காணிப் பதிவகப் பதிவேட்டில் தேடலாம் என்று போனால், "அந்தப் புத்தகம் கிழிஞ்சு பைண்டிங்குக்குப் போயிட்டுது, பிறகு வாங்கோ." எப்போது என்று கேட்டதற்கு லிகிதர் தலை நிமிரவேயில்லை. லீவும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். பக்கத்து வளவு அம்மாதான் இருத்திவைத்துப் பேசினார்: "முந்தி இருந்தவை யுத்தப் பிரச்சினைக்குள்ள வெளிக்கிட்டவை. பிள்ளையள் ஜெர்மனியில." விற்றுவிட்டுப் போனார்களா, விட்டுவிட்டுப் போனார்களா? அது அவருக்கும் தெரியாது.

இப்படித் தெரியாததைக் கண்டு பயப்படுவது பற்றி 1961இல் டானியல் எல்ஸ்பெர்க் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு பந்தயத்தை முன்வைத்தார். பானையில் 90 பந்துகள். 30 சிவப்பு, மீதி 60 கறுப்பும் மஞ்சளும், எது எத்தனை என்று தெரியாது. சிவப்பா கறுப்பா என்றால் பெரும்பாலானோர் சிவப்பில்தான் பந்தயம் கட்டுவார்கள். கறுப்பு கூடுதலாகவும் இருக்கலாம், ஆனாலும் தெரியாததைத் தொடப் பயம். எனக்கும் அதே பயம்தான். ஆனால் அந்தப் பானைக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை; காணி விஷயத்தில் கொஞ்சமாவது பார்க்கலாம். அதுவும் விற்பவருக்கு நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அதனால் தரகரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அட்வான்ஸ் தாறன். பதிவேட்டில வில்லங்கம் வந்தா காசு திருப்பித் தரப்படும் எண்டு எழுதித் தாங்கோ." அதுவரை இனிக்க இனிக்கப் பேசியவர், "நாளைக்குக் கொழும்புப் பார்ட்டி வருது, உங்களுக்கு விருப்பமில்லாட்டி விடுங்கோ" என்று எழும்பிவிட்டார். கிழிந்த புத்தகம் சொல்லாததை அது சொல்லிவிட்டது.

அந்தக் காணியில் உண்மையிலேயே வில்லங்கம் இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. அப்புறம் உப்புவெளியில் சின்னத் துண்டு ஒன்று அமைந்தது. அதன் தேடுதல் பிசகில்லாமல் முடிந்தது.

தேடப் போகிறவர்கள் உறுதியில் உள்ள பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு காலையிலேயே போங்கள். அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். எழுத்தில் தராத வாக்குக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.