பகரமும் மகரமும் வராமல் போன நாட்கள்: என் முகவாத அனுபவம்

சனிக்கிழமை மத்தியானம் குக்கர் விசில் அடித்தபோது இடது காதுக்குள் ஊசியை விட்டு எடுத்த மாதிரி இருந்தது. ஐந்து வருஷமாக அதே குக்கர், அதே விசில். சாயங்காலம் காபி தகரத்தை நக்கியது போல் இருந்ததால் பால் சரியில்லை என்று பால்காரரைப் பிடித்துத் திட்டினேன். காது மடலுக்குப் பின்னால் எலும்பு புடைத்துக்கொண்டிருக்குமே, அந்த இடத்தில் விட்டுவிட்டு ஒரு வலி, தலையணை சரியில்லாமல் படுத்திருப்பேன் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டேன். மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்த புகார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு காலை பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது ஓரமாகப் பீய்ச்சிக்கொண்டு போய் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். முகத்தின் வலது பாதி வழக்கம்போல் இருந்தது, இடது பாதி இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் தொங்கியது. சிரிக்க முயன்றேன், வாய் மொத்தமும் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

அப்பாவைப் பக்கவாதத்தில் ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். கை கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. அத்தை வந்து தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராத்திரி பஸ்ஸுல ஜன்னலோரமா உட்காந்து வந்தேல்ல, காத்து அடிச்சிருக்கு தாயி" என்று ஒத்தடத்துக்கு உப்பு வறுக்கப் போய்விட்டார். எதிர்வீட்டு அக்கா, பக்கத்து ஊரில் வேர் கட்டுகிற ஒருவர் இருக்கிறார், மூன்றே கட்டு என்றார். நல்லவேளை, என் வீட்டுக்காரர் இரண்டையும் காதில் வாங்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

அவசரப் பிரிவில் இருந்தது சின்ன வயது டாக்டர். கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பேசவைத்தார். அப்புறம், "புருவத்தைத் தூக்குங்கம்மா" என்றார். தூக்கினேன். வலது நெற்றியில் மட்டும் கோடு விழுந்தது. "நெத்தியும் சேர்ந்து விழுந்திருக்கு, அது நல்ல அறிகுறிதான்" என்று அவர் சொன்னதும் என் வீட்டுக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கூடுதலாகக் கெட்டது எப்படி நல்லதாகும்? விஷயம் இதுதான்: முகத்தின் கீழ்ப்பகுதிக்கு மூளையின் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் கட்டளை வருகிறது, நெற்றிக்கோ இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால் மூளையின் ஒரு பாதியில் அடைப்பு வந்தால் வாய் கோணும், நெற்றி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால் மூளையை விட்டு வெளியே வந்த நரம்பிலேயே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டுக் கண்ணாடி முன் நின்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், மூளைத்தண்டில் அடைப்பு வந்தாலும் நெற்றி விழலாம். வாய் கோணினால் முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் அப்புறம். என் காதுக்குள் அக்கிக் கொப்புளம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், பிறகு நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார்.

அவர்தான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார், அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகள் 12 ஜோடி. அதில் ஏழாவது முக நரம்பு. காதுக்குள்ளே பொட்டெலும்பைக் குடைந்துகொண்டு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு எலும்புக் குழாய் போகிறது, மிகக் குறுகலான இடத்தில் அதன் அகலம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பு அதற்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். உடம்பில் எப்போதோ வந்து ஒளிந்துகொண்ட ஒரு வைரஸ் மறுபடி தலைதூக்குவதால் நரம்பு வீங்குகிறது என்று சந்தேகிக்கிறார்கள். வீங்கினால் விரிய இடமில்லை. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையோடு இறுகிக்கொள்ளுமே, அந்தக் கதைதான்.

அந்தக் குழாய்க்குள் போகும்போதே நரம்பு கிளை விடுகிறது. ஒன்று கண்ணீர்ச் சுரப்பிக்கு. ஒன்று நடுக்காதில் இருக்கும் 6 மில்லிமீட்டர் தசைக்கு, உடம்பின் எலும்புகளிலேயே சின்னதான அங்கவடி எலும்பைப் பலத்த சத்தம் வரும்போது இழுத்துப் பிடித்து அடக்குவது அந்தத் தசையின் வேலை. பிடிக்க ஆளில்லாததால்தான் குக்கர் விசில் ஊசியாக இறங்கியிருக்கிறது. இன்னொரு கிளை செவிப்பறையை ஒட்டியே ஓடி நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை உணர்வைக் கொடுக்கிறது, ஆக காபியும் இதே கணக்கில்தான். மனதுக்குள் பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மிச்ச நரம்பு காதுக்குக் கீழே வெளியே வந்து, ஐந்து விரலை விரித்த மாதிரி நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து என்று பிரிகிறது.

இதற்குப் பெல்ஸ் பால்சி என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் பெல் முகத்தின் நரம்புகளைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் 1821இல் கட்டுரை வாசித்தார், பெயர் அவருக்குப் போய்விட்டது. பாரசீக மருத்துவர் அல்-ராசி ஏறக்குறைய 900 வருஷம் முன்பே முகவாதத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார், அவரை யார் நினைக்கிறார்கள்.

மருந்து ஸ்டீராய்டுதான், பிரெட்னிசோலோன். முகம் விழுந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் சரியான பலன் என்றார் டாக்டர், வேர் கட்டப் போயிருந்தால் அந்த நேரம் அங்கேயே கரைந்திருக்கும். பிறகு தேடிப் படித்தேன்: ஸ்காட்லாந்தில் நடந்து 2007இல் வெளிவந்த பெரிய ஆய்வில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 மாதத்தில் 100க்கு 94 பேர் முழுசாகத் தேறியிருக்கிறார்கள், சாப்பிடாதவர்களில் 82 பேர். அதாவது சும்மா இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது, வேர் கட்டுகிறவரின் புகழுக்கும் அதுதான் காரணமாக இருக்கும். சர்க்கரை இருப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். எனக்கு அந்தப் பத்து நாளும் தூக்கம் போச்சு, பசி மட்டும் யானைப் பசி. மாத்திரை போட்டும் செவ்வாய்க்கிழமை முகம் இன்னும் மோசமாக, அழுதுகொண்டே போன் செய்தேன். முதல் மூன்று நாள் இறங்கிக்கொண்டே போகும், அப்புறம்தான் நிற்கும் என்றார்கள், அதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாயைத்தான் பார்ப்பார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது கண்ணைப் பற்றி. இமையைத் திறப்பது மூன்றாம் நரம்பு, மூடுவது ஏழாம் நரம்பு என்று உடம்பு வேலையைப் பிரித்து வைத்திருக்கிறது. திறக்கிறவன் வேலைக்கு வந்துவிட்டான், மூடுகிறவன் லீவு. கண்ணை மூட முயன்றால் இமை பாதியில் நின்றுவிடும், விழி மட்டும் மேலே செருகிக்கொண்டு வெள்ளை தெரியும், என் மகள் முதல் தடவை பார்த்து அலறிவிட்டாள். விழி அப்படி மேலே போவது கருவிழியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான், எல்லாருக்கும் கண் மூடும்போது பெரும்பாலும் அப்படித்தான் போகிறதாம், இமை மறைப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பகலில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு பேப்பர் டேப். முதல் இரண்டு நாள் டேப்பைத் தப்பாக ஒட்டி நடு ராத்திரியில் பிய்ந்து, காலையில் கண்ணுக்குள் மணல் கொட்டினாற்போல் எரிந்தது. ஒரு நர்ஸ்தான் சொல்லிக்கொடுத்தார்: விரலின் பின்பக்கத்தால் இமையை மெதுவாக இறக்கி, முழுசாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் குறுக்கே ஒட்ட வேண்டும். ஃபேனுக்கு நேரே படுக்கக்கூடாது, வண்டியில் போனால் கண்ணாடி. நான் கரும்பலகைக்கு முன் நிற்கிறவள், சாக்பீஸ் தூளுக்கு என்ன செய்வது? எழுதுகிற வேலையை ஒரு மாதத்துக்குப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன்.

சாப்பாடு தனிக் கூத்து. சோறு இடது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் பொழுது போகாமல் காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சர்க்கரைத் தண்ணீரில் முக்கி நாக்கை நீட்டி வலது ஓரத்தில் வைத்தேன், இனிப்பு. வாயைக் கொப்பளித்துவிட்டு இடது ஓரத்தில் வைத்தேன், ஈரம் தெரிந்தது, சில்லென்று இருந்தது, இனிப்பு மட்டும் இல்லை. உப்பிலும் அப்படியே. தொடுவதும் குளிர்ச்சியும் ஐந்தாம் நரம்பின் பொறுப்பு, அது நன்றாக இருந்தது. நாக்கின் பின்பக்கச் சுவை ஒன்பதாம் நரம்பின் பொறுப்பு, ஆகவே பாகற்காய் விழுங்கும்போது மட்டும் சரியாகக் கசந்தது. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று நாம் பள்ளிக்கூடத்தில் வரைந்த நாக்குப் படம் தப்பு என்பதும் அப்போது படித்ததுதான், எந்தச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கத்திலும் தெரியும்.

பள்ளிக்கு இரண்டாவது வாரமே போய்விட்டேன், வீட்டில் உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. வந்து வாய்த்த பாடத்தைப் பாருங்கள், எட்டாம் வகுப்புக்கு எழுத்துகளின் பிறப்பு. மேலிதழும் கீழிதழும் பொருந்தினால் பகரமும் மகரமும் பிறக்கும் என்று பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், அன்றைக்கு எனக்கு இதழ் பொருந்தவில்லை. "பம்பரம்" என்று சொன்னால் இடது ஓரத்தில் காற்றுப் போய் "ஃபம்ஃபரம்" மாதிரி ஏதோ வந்தது. இதழ் குவிக்க வேண்டிய உகரமும் ஒகரமும் அதே லட்சணம். சரி என்று இடது உதட்டோரத்தை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினேன், அந்த வகுப்புக்கு அந்தப் பாடம் ஜென்மத்துக்கும் மறக்காது. முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் முடிவில் வந்து, "டீச்சர், நீங்க சிரிக்கும்போதுதான் கோவமா இருக்கிற மாதிரி இருக்கு" என்றான். மற்றவர்கள் சொல்லத் தயங்கியதைச் சொன்னான், கோபம் வரவில்லை.

முதலில் திரும்பி வந்தது நாக்கு. ஒன்பதாம் நாள் காலை காபி காபியாக இருந்தது. சுவை சீக்கிரம் வந்தால் நல்லது என்றார் டாக்டர். பதினேழாம் நாள் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தபோது இடது மூக்குத் துவாரத்தின் ஓரம் லேசாகத் துடித்தது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, நான் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் கன்னத்தை நீவிவிட்டு, கண்ணாடி பார்த்து மெதுவாக இதழ் குவிப்பது, மெதுவாகச் சிரிப்பது. முக்கி முக்கிச் செய்யக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். கரண்ட் வைக்கலாமா என்று கேட்டதற்கு, அதனால் நரம்பு வேகமாக வளரும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், விட்டுவிட்டேன். ஐந்தாம் வாரம் கண் முழுசாக மூடியது, அன்றைக்கு டேப் சுருளைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். பதினோராம் வாரம் புகைப்படத்தில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நாலாம் மாதம் ஒரு புதுக் கூத்து. அழுத்தத்தில் வெறுமனே செயலிழந்து கிடந்த நரம்பிழைகள் சில வாரங்களில் விழித்துவிடும். பட்டுப்போன இழைகளோ முதலிலிருந்து வளர்ந்து வர வேண்டும், நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். வளரும்போது சில இழைகள் வழி தப்பிப் பக்கத்துத் தசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், சமையலறை சுவிட்சைப் போட்டால் திண்ணை விளக்கு எரிகிற கதை. சிலருக்கு எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டியது கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய், சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டுமாம், மருத்துவத்திலேயே அதற்குப் பெயர் முதலைக் கண்ணீர். எனக்கு அவ்வளவு இல்லை. உதட்டைக் குவித்து "ஊ" என்றால் இடது கண் தானாகச் சுருங்கிக்கொள்கிறது. இந்த வருஷ எட்டாம் வகுப்புக்கு என் கதை தெரியாது, "ஊஞ்சல்" என்று சொல்லும்போதெல்லாம் டீச்சர் கண்ணடிக்கிறார் என்று பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு.