டோகமாக்கின் ஓரம்

அணுக்கரு இணைவைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் 15 கோடி பாகை வெப்பமுள்ள நடுப்பகுதியோடு நின்றுவிடுகின்றன. டோகமாக் என்பது பிளாஸ்மாவை, அதாவது அயன்களும் இலத்திரன்களுமாகப் பிரிந்த சூடான வாயுவை, காந்தப் புலத்தால் வளைய வடிவில் அடைத்துவைக்கும் இணைவு உலை. அந்த உலை நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது பிளாஸ்மாவின் ஓரம் என்றே நான் கருதுகிறேன். தம்முள் மூடிக்கொள்ளும் காந்தப் புலக்கோடுகளின் கடைசிப் பரப்பைத் தாண்டிய துணிக்கைகள், கோட்டின் வழியே மிக வேகமாகவும் குறுக்கே மிக மெதுவாகவும் நகர்வதால், அவை சுமந்துவரும் வெப்பம் மெல்லிய படையாக ஒடுங்கி, வெளியேறும் வெப்பத்தையும் துணிக்கைகளையும் வாங்கிக்கொள்ளும் டைவர்டர் தட்டுகளில் இறங்குகிறது. பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலையின் டங்ஸ்டன் தட்டுகள் தொடர்ந்து தாங்கக்கூடியது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 மெகாவாற்று மட்டுமே.

அந்தப் படையின் தடிப்பில்தான் கருத்து வேறுபாடு. இயங்கும் கருவிகளின் அளவீடுகளைத் திரட்டி தோமஸ் ஐக் குழுவினர் 2013இல் வெளியிட்ட விதியை ஈட்டருக்கு நீட்டினால் சுமார் 1 மில்லிமீற்றர் வருகிறது. துணிக்கைகளின் இயக்கத்தையே கணிக்கும் எக்ஸ்ஜிசி நிரல் 2017இல் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் என்றது. சிறிய கருவியில் தலைகாட்டாத கொந்தளிப்பு பெரிய கருவியில் எழுமானால் அளவீட்டு விதி பொய்த்துப்போகும். ஆகவே பௌதிகத்திலிருந்து தொடங்கும் மாதிரிகளை நாம் கைவிட முடியாது.

ஓரம் நடுப்பகுதியையும் ஆள்கிறது. 1982இல் ஜேர்மனியின் அஸ்டெக்ஸ் கருவியில் பிரிட்ஸ் வாக்னர் கண்ட உயர் அடைப்பு நிலையில், விளிம்பில் அமுக்கம் செங்குத்தாக உயர, உள்ளே முழுவதும் அமுக்கம் கூடியது. மாரியில் முகத்துவாரத்து மணல்மேடு வெட்டப்படும் வரை மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம் எப்படி ஏறுகிறதோ, அதே போன்றதுதான் இதுவும்.

கல்லடியில் என் மடிக்கணினியில் ஓடுவது ஒரே புலக்கோட்டுக்கான ஒற்றைப் பரிமாண மாதிரி. இலத்திரன்களின் வெப்பக் கடத்தாறு வெப்பநிலையின் 5/2 அடுக்காகக் கூடுவதால், தட்டிலிருந்து தொலைவிலுள்ள மேல்முனையில் வெப்பநிலை அதிகம் அசைவதில்லை. ஆனால் அங்கே அடர்த்தியைச் சற்றுக் கூட்டினாலும் தட்டருகே வெப்பநிலை சடுதியாகச் சரிகிறது. அது 5 இலத்திரன் வோல்ற்றுக்குக் (ஒரு இலத்திரன் வோல்ற்று ஏறத்தாழ 11,600 பாகை) கீழே இறங்கியதும், அயனாக்கம் தளர்ந்து, அயன்கள் நடுநிலை அணுக்களோடு மோதி உந்தத்தை இழக்கின்றன. 1 இலத்திரன் வோல்ற்றை நெருங்கும்போது இலத்திரனும் அயனும் மீளிணைய, பிளாஸ்மா தட்டைவிட்டு விலகுகிறது. உலையைக் காப்பாற்றும் நிலை இதுவே. அடர்த்தியோடு அதுவரை ஏறிவந்த துணிக்கைப் பாயம், அதாவது தட்டில் நொடிதோறும் விழும் துணிக்கைகளின் அளவு, இங்கே திரும்பி இறங்க வேண்டும். என் மாதிரியில் உந்த இழப்பைச் சேர்க்காதவரை அந்த இறக்கம் வரவேயில்லை. பாயம் ஏறிக்கொண்டே போனது.

நடுநிலை அணுக்களைக் காந்தப் புலம் கட்டுப்படுத்தாது என்பதால் ஒற்றைப் பரிமாணத்தில் அவற்றுக்கு நியாயம் செய்ய இயலாது. சோல்ப்ஸ்-ஈட்டர் நிரல் அயன்களைப் பாய்பொருளாகவும், நடுநிலை அணுக்களை எழுமாற்று எண்களைக் கொண்டு கணிக்கும் ஐரீன் என்ற மொன்டே கார்லோ பகுதியில் தனித்தனியாகப் பின்தொடர்ந்தும் கணிப்பது இதனால்தான். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பௌதிகம் பயிலும் மாணவர்கள் இந்த ஒற்றைப் பரிமாண மாதிரியைத் தங்கள் செயற்றிட்டமாக எடுக்கலாம். வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கத் தெரிந்தால் தொடங்குவதற்குப் போதுமானது.