அம்புக்குறியை ‘கு’ போட்டுப் படியுங்கள்

மகனின் பிஎஸ்எல்இ (சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேர்வு) அறிவியலுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தேன். அதிக நாள் எடுத்தது உணவுச் சங்கிலி, அதுவும் ஆர்க்டிக். சின்ன வயதில் மண்டாய் விலங்குத் தோட்டத்தில் பார்த்த பனிக்கரடி இனுக்காவை (2018-இல் இறந்துபோனது) அவன் மறக்கவே இல்லை. அதனால் எந்தச் சங்கிலியையும் கரடியிலிருந்தே தொடங்குவான். கரடியிலிருந்து சீலுக்கு ஓர் அம்பு. பயிற்சித்தாளில் சிவப்பு மையில் அடித்திருந்தது. “கரடிதானேம்மா சீலைச் சாப்பிடுது?” என்று கண் கலங்கிவிட்டான்.

அம்பு காட்டுவது சக்தி யாருக்குப் போகிறது என்பதை. இதை விளங்கவைக்க எனக்குக் கைகொடுத்தது நம் நான்காம் வேற்றுமை. அம்பைக் கண்டால் ‘கு’ போட்டுப் படி என்றேன். கடல் பனிக்கட்டியின் அடியில் வளரும் பாசி, அரிசிமணி அளவே உள்ள, இறால் போன்ற கடலுயிரான கோப்பிபாடுக்கு. கோப்பிபாட், ஆர்க்டிக் காட் மீனுக்கு. காட், சீலுக்கு. சீல், கரடிக்கு. அன்றோடு அவன் அம்பு தப்பவில்லை.

அடுத்து, ஒவ்வொன்றின் பெயரையும் துண்டுத்தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். கோப்பிபாடை லேசாக நினைக்காதீர்கள். பாசியில் இருப்பதைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைப்பது அதுதான். கரடி சீலில் விரும்பித் தின்பதும் கொழுப்பைத்தான். மிச்சமாகும் இறைச்சி, பின்னாலேயே வரும் பனிநரிக்கு. நிலத்தில் அதே நரிக்கு லெம்மிங் எலிதான் முக்கிய இரை. ஆக, நரித் தாளுக்கு இரண்டு பக்கமிருந்தும் அம்பு வந்தது. உணவு வலை என்றால் என்ன என்பது அவனுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

பிறகு ஒரு தாளை உருவிவிட்டு, “இப்ப என்ன ஆகும்?” என்று கேட்பேன். பனி உருகினால் கரடி குறையும் என்று ஒரே தாவாகத் தாவினால் மதிப்பெண் போய்விடும். பனி குறைந்தால் பாசி குறையும், அதைத் தின்னும் கோப்பிபாடுக்கு உணவு குறையும் என்று படிப்படியாக எழுத வேண்டும். லெம்மிங் தாளை உருவியபோது நரியும் குறையும் என்றான். பாதி சரி. லெம்மிங் பல இடங்களில் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சரியும். சரியும் ஆண்டில் நரி பறவைக் கூடுகளைத் தேடிப் போகும், முட்டைகளுக்கு ஆபத்து. “அப்ப வாத்தும் குறையும்ல?” என்று அவனே அடுத்த தாளை எடுத்தான்.