வயர் இல்லாத கருவிக்குப் பேட்டரிதான் பிளக்

பணிமனையில் கருவிகளைக் கொடுத்து வாங்குவதும் பழுது பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் பொறுப்பு. வயர் உள்ள டிரில்லும் கிரைண்டரும் மட்டுமே புழங்கிய காலத்தில், ஒரு கருவியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதை எட்ட நின்றே சொல்லிவிடலாம். பிளக் சாக்கெட்டில் இருந்தால் உண்டு, தரையில் கிடந்தால் இல்லை. கார்ட்லெஸ் கருவிகள் வந்தபோது காலைத் தடுக்கும் வயர், உரிந்த இடத்தில் அடிக்கும் ஷாக், ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று பழைய தலைவலிகள் பலவும் ஒழிந்தன. ஆனால் அந்த அடையாளமும் அவற்றோடு சேர்ந்து போய்விட்டது. பேட்டரி மாட்டிய கருவி மேசையில் கிடந்தாலும் பைக்குள் கிடந்தாலும், ஸ்விட்சில் கை பட்டால் ஓடத்தான் செய்யும்.

கட்டிங் வீல் மாற்றுவதை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். கிரைண்டரை மடியில் கிடத்தி, வீல் சுழலாமல் பிடிக்கும் ஸ்பிண்டில் லாக் பொத்தானை இடது கட்டைவிரலால் அழுத்தி, வலது கையால் ஸ்பேனரைத் திருகுவார்கள். ஸ்விட்சு துடுப்பு வடிவில் அடிப்பக்கத்தில் நீளமாக அமைந்த மாடலாக இருந்தால், அது நேராகத் தொடையின் மேல் படிந்திருக்கும். அதில் தனியாக ஒரு பூட்டு இருப்பது உண்மைதான். ஆனால் தூசி அடைத்து அந்தப் பூட்டு திரும்பி வராமல் சிக்கிக்கொண்ட கிரைண்டர்களைப் பழுதுக்காக நானே பிரித்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தால் இந்தக் கவலை எதற்குமே இடமில்லை. அதற்கு ஆகும் நேரமோ ஒரு பொத்தானை அழுத்தி இழுக்கும் நேரம்தான்.

டிரில்லில் வேறொரு பழக்கம் உண்டு. துளையிடும் பிட்டை மாற்றும்போது, அதைக் கவ்வியிருக்கும் ‘சக்’ என்ற முன்பகுதியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரிகரை அழுத்தி, மோட்டாரின் வேகத்திலேயே சக்கைத் திறந்து மூடுவார்கள். பார்க்க லாவகமாக இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்வதும் இதைத்தான். கையுறை சக்கில் சுற்றிக்கொண்டால் விரலும் கூடவே போகும். முன்னும் பின்னும் சுழற்சியை மாற்றும் பொத்தானை நடுவில் நிறுத்தினால் டிரிகர் பூட்டிக்கொள்ளும் என்பதால் அதுவே போதும் என்று சிலர் வாதிடுவது உண்டு. கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவதற்கு அந்தப் பூட்டு நல்லதுதான், ஆனால் பிட்டை மாற்றுவதற்கு அது போதாது என்பதே என் கருத்து. கை தவறி இடித்தாலே நகர்ந்துவிடும் பொத்தான் அது.

பேட்டரியில் ஓடுகிறது என்பதாலேயே கருவியைச் சற்று விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் மனப்போக்கும் இருக்கிறது. இன்றைய 18 வோல்ட் டிரில்களில் பெரியவை 100 நியூட்டன் மீட்டருக்கும் மேல் முறுக்குவிசை தருபவை. இரும்புத் தகட்டைத் துளைத்து மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் பிட் கவ்விக்கொண்டாலோ, மரத்தில் பெரிய வட்டத் துளை வெட்டும் ஹோல் சா ஓட்டும்போது உள்ளிருக்கும் ஆணியில் சிக்கினாலோ, பிட் நின்றுவிடும், மோட்டார் நிற்காது. அந்த விசை முழுவதும் டிரில்லின் உடலைத் திருப்பி, பிடித்திருப்பவரின் மணிக்கட்டில் போய் இறங்கும். ஸ்க்ரூ முடுக்கும்போது கிளட்ச் வழுக்கிக் காப்பாற்றும். துளையிடும் நிலைக்கு மாற்றிவிட்டால் அந்த உதவி கிடையாது. இதற்கென்றே உடன் வரும் பக்கவாட்டுக் கைப்பிடி, பழைய டிரில் பெட்டிகளைத் திறந்தால், பாலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படாமல் அடியில் கிடக்கும்.

இனி பேட்டரி. 18 வோல்ட் பேட்டரி பேக்கினுள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட் கொண்ட ஐந்து லித்தியம் அயான் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். பெரிய பேக்குகளில் இத்தகைய வரிசை இரண்டாக இருக்கும். முழுதாக சார்ஜ் ஆனதும் ஒரு செல் 4.2 வோல்ட் வரை ஏறும் என்பதால், சில நிறுவனங்கள் 20 வோல்ட் என்று அச்சிட்டு விற்பதும் இதே ஐந்து செல்களைத்தான். 5 ஆம்பியர் மணி பேக் ஒன்றில் 90 வாட் மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. டார்ச் பேட்டரியைப் போல அதைச் சட்டைப்பையிலோ, ஸ்க்ரூவும் ஆணியும் கிடக்கும் டப்பாவிலோ போடுவது தகாது. டெர்மினல்கள் பள்ளத்தில்தான் இருக்கின்றன என்றாலும், ஒரு சிறு கம்பித்துண்டோ கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் துகள்களோ உள்ளே புகுந்து இரண்டையும் இணைத்துவிடக்கூடும். இதற்காகத்தான் புதிய பேட்டரியுடன் பிளாஸ்டிக் மூடி ஒன்று வருகிறது. வந்த அன்றே அது குப்பைக்குப் போய்விடுகிறது.

சார்ஜ் செய்வதில் நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம் இன்னும் பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரியை ஒட்ட வற்றவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும் என்று அனுபவம் மிக்க மெக்கானிக்குகளே சொல்வார்கள். பழைய பேட்டரிக்கு அதில் ஓரளவு பொருள் இருந்தது. லித்தியம் அயான் பேட்டரிக்கு அது கெடுதல். ஒரு செல்லின் வோல்டேஜ் அளவுக்கு மீறிக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால், உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கலாம். அதனால்தான் மிகவும் வற்றிய பேட்டரியை சார்ஜர் ஏற்க மறுக்கிறது. நல்ல பேட்டரி ஒன்றிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து, வற்றியதற்கு உயிர் கொடுத்து, பிறகு சார்ஜரை ஏமாற்றுவது ஒரு சாமர்த்தியமாகவே பரவிவிட்டது. என் மேசையில் யாராவது அதைச் செய்ய முற்பட்டால் நான் குரலை உயர்த்திவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது.

வெப்பமும் குளிரும் இதே வகையில் சேர்ந்தவை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே படிந்து செல்லைக் கெடுக்கும்; மூடிய வண்டிக்குள் வெயிலில் கிடந்தால் 50 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும். நீண்ட நாள் தேவைப்படாத பேட்டரியைக் கருவியிலிருந்து கழற்றி, பாதியளவு சார்ஜுடன், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைப்பதே முறை.

விலை குறைவு என்று பெயரில்லாத பேக் ஒன்றை உடன் பணியாற்றிய ஒருவர் வாங்கி வந்தார். கருவியில் கச்சிதமாகப் பொருந்தியது, நன்றாகவே ஓடியது. ஒரு நாள் மரத்தூள் படிந்திருந்த மேசையின் மேல் அது சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தபோது, நகப்பூச்சு வாடையைப் போல இனிப்பும் காட்டமுமான ஒரு வாடை வந்தது. சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு. மேல்மூடி ஒரு மூலையில் இளகியிருந்தது. புகையோ சீறல் சத்தமோ இல்லாததால் மண்வெட்டியில் ஏந்தி வெளியே வெறும் கான்கிரீட் தரையில் கொண்டுபோய் வைத்தோம். அவற்றில் ஏதேனும் ஒன்று இருந்திருந்தால் அதை நெருங்கக்கூட விட்டிருக்க மாட்டேன். நன்றாக ஆறிய பின், பல நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது, செல்களின் சூட்டை அளந்து சார்ஜருக்குச் சொல்ல வேண்டிய சென்சாரே அதில் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், சூட்டுக்கேற்ப மாறாத ஒரு சாதாரண ரெசிஸ்டர் பற்றவைக்கப்பட்டிருந்தது. பேட்டரி எவ்வளவு கொதித்தாலும் சார்ஜருக்கு அது குளிர்ச்சியாக இருப்பதாகவே தெரியும்.

அதற்குப் பிறகு சார்ஜர்களை மரத்தூளும் துணியும் அண்டாத, வெளியேறும் வழியை மறிக்காத ஒரு சிமென்ட் திண்டுக்கு மாற்றினோம். பணிமனையைப் பூட்டும்போது சார்ஜர்களின் மின் இணைப்பையும் நிறுத்திவிடுகிறோம். காலையில் பேட்டரி நிரம்பியிருப்பதில்லை என்று முணுமுணுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீப்பற்றிய பேக் ஒன்றில், ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும். அணைந்தது போலத் தோன்றி மணிக்கணக்கில் கழித்தும் மீண்டும் பற்றும். வெளிவரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். ஆகவே ஆட்களை வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழைப்பதைத் தவிர, எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

உயரத்திலிருந்து விழுந்து கூடு விரிசல் கண்ட பேட்டரி, நீரில் முழுகியெழுந்த பேட்டரி ஆகியவற்றை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. டெர்மினல்களின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மூடியுள்ள உலோகப் பெட்டியில் மணல் பரப்பி, கட்டடத்துக்கு வெளியே தனியாக வைத்து, மறுசுழற்சிக்கு எடுத்துச் செல்பவர்களிடம் ஒப்படைக்கிறோம். செத்துப்போனது என்று நாம் நினைக்கும் பேக்கிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். சாதாரணக் குப்பையோடு போட்டுவிட்டால், குப்பை லாரியின் அழுத்தும் பலகை அதை நசுக்கும்போது, அதுவரை அதைத் தொட்டிராத ஒருவர்தான் அந்த லாரியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பார்.